கூரை தொங்கிய கல்யாணம்

அளக்காத எதையும் நான் நம்பமாட்டேன். அளந்துவிட்டால் எதையும் நம்பிவிடுவேன். இது ஒரு குறை என்பதை நாற்பத்தேழாவது வயதில், ஒரு கல்யாணத்தைக் குழப்பித்தான் அறிந்துகொண்டேன்.

அப்போது கிளிநொச்சியில் எங்களைப் போன்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்குக் கட்டட வடிவமைப்பு மென்பொருள் வகுப்பு மாதம் ஒருமுறை நடந்தது. மற்றவர்கள் லப்டொப்பைத் தட்டிப் பழக, நான் எந்தப் பொத்தானை எப்போது அமத்தினேன் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். (பொத்தான்களுக்கு இலக்கம் போட்டு வைத்திருந்த ஒரே ஆள் நான்.) தெரிந்த கட்டடம் ஒன்றை வரைந்து வரும்படி படிப்பித்த பொறியியலாளர் சொன்னார். இளம் பெண், என் வயதில் பாதிதான் இருக்கும். கண்டாவளைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தைத் தெரிவுசெய்தேன். இரண்டு பின்னேரம் ஏணி வைத்துத் தூண், கூரை வளை, ஓடு எல்லாம் அளந்தேன். அதே மண்டபத்தில்தான் பத்து நாளில் என் மனைவியின் தமையனுடைய மகளுக்குக் கல்யாணம்.

வீட்டில் மண்டபத்தை வரைந்து, கூரை பாரம் தாங்குமா என்ற கணக்கை ஓடவிட்டேன். திரையில் கூரை சிவந்து, நடுவில் தொங்கி, மணவறை வரவேண்டிய இடத்துக்குக் கிட்ட வந்து நின்றது. இன்னொரு பொத்தானை அமத்த, மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. எட்டிப் பார்த்த மனைவி உடனே தமையனுக்குப் போன் எடுத்தாள். பத்து நிமிடத்தில் மச்சான் வந்துவிட்டார்.

"உண்மையே மச்சான்? அது இவ்வளவு காலமும் நிக்குதே."

"விழுமட்டும் நிக்கும்தானே" என்றேன். "நான் எல்லாத்தையும் ரெண்டு தரம் அளந்தனான்."

மச்சான் கல்யாணத்தை மண்டபத்துக்கு எதிரே இருந்த தன் வளவுக்கு மாற்றிப் பந்தல் போட்டார்.

முகூர்த்தத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் இருக்கையில் பெருமழை. நான் கணக்குப் பார்க்காத அந்தப் பந்தலின் ஒரு மூலை சரிந்தது. பொம்பிளை, மாப்பிள்ளை, ஐயர், சனம் எல்லாம் மண்டபத்துக்குள் ஓடினார்கள். நான் வாசலில் கையை விரித்து, "நடுவிலை நிக்காதேங்கோ, சுவர்க்கரையா நில்லுங்கோ" என்று மன்றாடினேன். சனம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் சுவரோடு ஒட்டி நின்றது. நடுவில் மணமக்களும் ஐயரும் மட்டும். மச்சான் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னார்:

"தம்பி, கெதியாக் கட்டும்."

கல்யாண அல்பத்தில் ஐயர் உட்பட எல்லோரும் மேலே பார்த்தபடிதான் இருக்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் கூரை தொங்கிய படத்தைப் பெருமையோடு காட்டினேன். பொறியியலாளர் திரையின் கீழ் மூலையில் இருந்த சின்ன வரியைத் தொட்டுக் காட்டினார்.

"சேர், கண்ணுக்குத் தெரியவேணும் எண்டு முந்நூறு மடங்கு பெருப்பிச்சுக் காட்டுது. உண்மையிலை ஐஞ்சு மில்லிமீற்றர்தான் இறங்குது. நல்ல கூரை சேர்."

அந்த வரியை நான் கொப்பியில் எழுதியிருக்கவில்லை. அது பொத்தான் இல்லையே.

அன்று பின்னேரமே மச்சானிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு என்று தேர்மோமீற்றரை நீட்டினேன். மனைவி அதை வாங்காமலே தமையனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, இவருக்குக் காய்ச்சலாம்."

மச்சானின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"எத்தினை மடங்காம்?"