ரிப்பன் வெட்டாமல் காற்று வராது

பாதுகாப்புக் குழு ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. கல்லூரி என்று பலகை மாட்டிய எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்துவிடலாம். அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். சட்டையில் பேட்ஜ், கையில் மைக், கண் மட்டும் போட்டோகிராபர் எங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டே இருக்கும். மற்ற நாளில் நம்மைப் போலத்தான், காய்கறிக் கடையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுவார். பாதுகாப்பு வாரம் வந்ததோ, போச்சு! ஆளே மாறிவிடுவார்.

எங்கள் புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகிற வழியில், முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம், வம்பு. அங்கே இந்தப் பதவியில் இருப்பவர் அருள்தாஸ், வணிகவியல் பேராசிரியர். வணிகவியலுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? "யார் ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று முதல்வர் கேட்டபோது எல்லோரும் குனிந்துகொண்டார்கள். இவர் கொட்டாவியை மறைக்கக் கையைத் தூக்கினார். எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மனிதர் சும்மா இருந்தாரா? உறுதிமொழி எடுக்க வைத்தார், கோலப் போட்டி வைத்தார், தீயணைப்புக் கருவிக்கு ஆயுத பூஜைக்கு மாலையும் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரமும் மாட்டினார், வெயிலில் மயங்கி விழாமல் இருப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்ல உச்சி வெயிலில் பேரணி கிளப்பினார், அதில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் புளியமரத்தடியில் கிடத்தி விசிறியதையும் படம் எடுத்து 'செயல்முறை விளக்கம்' என்று போட்டார், 'அவசர வழியைப் பயன்படுத்துவீர்' என்று பெரிய பேனர் அடித்து அதை அவசர வழிக் கதவின் மேலேயே ஆணியும் அறைந்தார். அந்தக் கதவை இப்போது திறக்க முடியாது. பேனர் கிழிந்துவிடுமே!

இத்தனைக்கும் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே.

அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் சுடர்விழி என்றொரு ஆசிரியை. பொன்னமராவதிப் பக்கம். அமிலப் புகையும் அம்மோனியா நெடியும் வெளியே போக வழியில்லாத அறை அது. ஜன்னல்களை மறைத்து அலமாரிகள் நிற்கின்றன. வருஷக்கணக்காய் அதற்குள் நின்று பாடம் நடத்தியதில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது, தொண்டை கம்மிப்போனது. "இந்த நெடியிலயே நின்னுக்கிட்டிருந்தீங்கன்னா குரலே போயிரும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் போனால் ஆசிரியை பிழைப்பு என்னாவது?

விஷயம் முகமது ரபீக்கின் காதுக்குப் போனது. கோட்டைப்பட்டினத்துக்காரர், இங்கே படித்த பையன், இப்போது வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. டீச்சருக்காக மனம் பொறுக்காமல் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க ஏற்பாடு செய்தார். ஃபேன் வந்தது. எலக்ட்ரீஷியன் சுவரில் மாட்டினார், கம்பி இழுத்தார், சோதித்தும் பார்த்துவிட்டுப் போனார். சுடர்விழி ஆசையோடு சுவிட்சைப் போடப் போனால், அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன்! பக்கத்தில் அருள்தாஸ்.

"சார், ஃபேனைப் போடவா?"

"ஐயய்யோ, தொட்டுராதீங்கம்மா! ரபீக் தம்பி லீவுல வாராப்ல. அவரு கையால ரிப்பன் வெட்டித்தான் போடணும். வாங்கிக் குடுத்த மனுசனுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"எப்ப சார் வாராரு?"

"இந்தா, அடுத்த மாசம். இத்தன நாளு பொறுத்துட்டீங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க."

அடுத்த மாதம் வந்தது, லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. புத்தம்புது ஃபேன் மேலே, இருமல் கீழே, நடுவில் ரிப்பன். அருள்தாஸ் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்காதீர்கள். நாள் தவறாமல் ஆய்வகத்துக்கு வந்து, "தொண்டைக்கு இதமா இருக்கும்மா" என்று பனங்கற்கண்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ரிப்பனில் தூசி தட்டிவிட்டும் போனார்.

ஒருவழியாக ரபீக் ஊர் வந்து சேர்ந்தார். வியாழக்கிழமை விழா. அதற்கு முந்தின திங்கட்கிழமை, செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, எந்தக் கோணத்தில் நின்றால் ஃபேனும் தானும் படத்தில் விழுவோம் என்று பார்க்கப் போட்டோகிராபரோடு வந்தார் அருள்தாஸ். "இங்கிட்டு தள்ளுங்கப்பா, அங்கிட்டு தள்ளுங்கப்பா" என்று மாணவர்களை ஒதுக்கியதில், சந்தோஷ் என்ற பையன் பின்னால் நகர்ந்து மேசையில் முட்டினான். அம்மோனியா பாட்டில் விழுந்து உடைந்தது.

நெடி என்றால் நெடி, கண்ணைத் திறக்க முடியவில்லை! பிள்ளைகளை வாசலுக்கு விரட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவிட்சை நோக்கி ஓடினார் சுடர்விழி. அங்கே ஒருவர் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"வேணாம்மா! வியாழக்கெழம... வந்துருவாரு..."

"தள்ளுங்க சார்!"

அந்த அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அருள்தாஸின் கையைத் தட்டிவிட்டு ரிப்பனைப் பிய்த்தெறிந்து சுவிட்சைப் போட்டார். ஃபேன் குபுகுபுவென்று நெடியை இழுத்து வெளியே தள்ளியது.

அதற்குப் பிறகு அருள்தாஸ் செய்ததையும் சொல்லவேண்டும். குழாயடியில் முகம் கழுவினார், காலில் அம்மோனியா தெறித்த சந்தோஷுக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார், தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினார், அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். எல்லாம் முடித்துத் திரும்பி வந்து ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "அடடா, என்னா இழுவை! ரபீக் தம்பி ரபீக் தம்பிதான்!" என்று மனசாரப் பாராட்டினார். பிறகு சுவிட்சை அணைத்து, புது ரிப்பன் கட்டினார்.

வியாழக்கிழமை வந்தது. பொன்னாடை, வரவேற்புரை, கைதட்டல். ரபீக் ரிப்பனை வெட்டினார், ஃபேன் ஓடியது. எல்லோரும் அரங்கத்துக்கு வந்து அமர்ந்தார்கள். பேச எழுந்த ரபீக், பக்கத்தில் நின்ற அருள்தாஸிடம் கேட்டார்:

"நல்லா மாட்டியிருக்கீங்க சார். இது எப்ப மாட்டுனது?"

"வந்த அன்னிக்கே மாட்டியாச்சு தம்பி! ஒங்க கை படாம ஒருத்தரையும் தொடவிடல!"

அதை என்ன பெருமையாகச் சொன்னார் என்கிறீர்கள்! ரபீக்கின் முகம் செத்துவிட்டது. "பிள்ளைகளும் டீச்சரும் மூச்சு விடத்தானே சார் வாங்கிக் குடுத்தேன்?" என்றார் மெதுவாக. மைக் திறந்திருந்தது. விருந்தினர் நிறுத்தும் இடத்திலெல்லாம் கைதட்டப் பழகிய மாணவர்கள் இதற்கும் பலமாகத் தட்டினார்கள்.

நன்றியுரை சுடர்விழி. எழுந்து வந்தார், வணங்கினார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். உதடு அசைகிறது, அவ்வளவுதான்.

அருள்தாஸ் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கித் தட்டினார். "ஹலோ... ஹலோ... செக்."

அவர் குரல் அரங்கம் முழுக்க முழங்கியது. மைக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் மனிதருக்கு விளங்கியது. மைக்கும் கையுமாக அப்படியே நின்றார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். அருள்தாஸ் இன்றுவரை எங்கேயும் போடாத ஒரே படம் அதுதான்.

இப்போது ஃபேன் தினமும் ஓடுகிறது. சுடர்விழிக்குப் பாதிக் குரல் திரும்பியிருக்கிறது. மீதி வருமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கிறது. பின்வரிசைக்குக் கரும்பலகைதான்.

நல்லாச் சிரித்தீர்கள், அருள்தாஸைப் பார்த்து. சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறதே, அது என்ன? சமையலறைக்கு வாங்கிய புகைபோக்கிதானே? ஆடியில் வேண்டாம், ஆவணியில் மாட்டலாம், பெயின்ட் அடித்த பிறகு மாட்டலாம், தம்பி ஊரிலிருந்து வரட்டும் என்று உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே?

உள்ளே மிளகாய் தாளிக்கிறார்கள். இருமுகிறார்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டாதீர்கள்.