மூட்டை எண்ணிய மகாராஜா

தேர்தலில் நிற்கப்போகிறவன், ஓட்டுப் போடுகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விளையாடக் கூடாது. அதிலும் குணம் வெளியே தெரிந்துவிடும் விளையாட்டு கூடவே கூடாது. திருநெல்வேலி டவுணில் இதைச் சோதித்துப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, வார்டின் தெருவிளக்குகளையாவது எண்ணலாமே என்று ஆசை.

பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் செண்பகம், லீவுக்கு ஒரு விளையாட்டோடு வந்திருந்தாள். இருபது பக்கமுள்ள பகடை; பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். ஆளுக்கொரு வேஷம். ராஜா, மந்திரவாதி, பறக்கும் நாகம் எல்லாம் உண்டு. அவள் கதை சொல்லச் சொல்ல, நாம் அந்த வேஷத்தில் முடிவெடுக்க வேண்டும். நான் ராஜாவாக உட்கார்ந்து நல்லாட்சி செய்வதை நாலு பேர் நேரில் பார்த்தால் மைக்செட் செலவு மிச்சமாயிற்றே! தெருவில் செல்வாக்கான ஆட்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். பலசரக்குக் கடை முருகையா, திருடன். வளையல்கடை இசக்கியம்மாள், படைத்தளபதி. (அல்வாவும் மிக்சரும் என் செலவு.)

"மாமா, ஆத்துல வெள்ளம். சனமெல்லாம் கோட்டை வாசல்ல பசியோட நிக்குது. தானியக் கிடங்குச் சாவி உங்க கையில. என்ன செய்யுதீங்க?" என்றாள் செண்பகம்.

"மொத்தம் எத்தனை தலை? ரேஷன் கார்டு இருக்கா?"

"மாமா, இது நாகம் பறக்குற ஊரு."

"பறக்கட்டும்ட்டி. மொதல்ல மூட்டையை எண்ணணும். எண்ணாம எப்படிக் கதவைத் தொறக்கது?"

முருகையா சிரித்தார். "எண்ணி முடிக்கதுக்குள்ள சனம் பாதியாயிரும். அப்புறம் தலைக்கணக்கு இடிக்கும் வே!"

நான் எண்ணினேன். விளையாட்டில்தான், ஆனால் மனசார எண்ணினேன். ஒரு மூட்டை குறைவதாக நானே கற்பனை செய்து, அதற்கு விசாரணைக் குழுவும் போட்டேன்.

இசக்கியம்மாள் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி. தாலுக்கா ஆபீஸ்காரவ எங்களை நிக்க வச்சு எண்ணிக்கிட்டே இருந்தாவ." செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள செண்பகம், தளபதி பூட்டை உடைச்சா என்ன ஆகும்?"

"பகடையைப் போடுங்க அத்தை."

இருபது விழுந்தது. கிடங்கு திறந்தது, என் கிரீடம் போனது. என் அல்வாவைத் தின்ற வாயாலேயே அத்தனை பேரும் "ராணி வாழ்க!" என்று கத்தினார்கள். (கத்தியவர்களில் என் மனைவியும் உண்டு.)

வாசலில் செருப்பு மாட்டும்போதே முருகையா, "ஏன் இசக்கி, நீயே நின்னா என்ன?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மனுத்தாக்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. இசக்கியம்மாள் நின்றார், ஜெயித்தார்.

எனக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு. எங்கள் கூட்டுக் குடும்பத்தில் மட்டும் என்னைச் சேர்த்துப் பதினொன்று. தெருவில் வேறு ஒருவரும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டுக்குள்ளேயே இரண்டு உதைக்கிறது. அந்த இரண்டு பேர் யார் என்று இன்றுவரை விசாரிக்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே கூடினாலும் மற்றப் பத்துப் பேரும் ஒவ்வொருவராக வந்து என் கையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள்: "மத்தவங்களைத் தெரியாது, நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

போன மாதம் என் பேத்தியும் வந்து சத்தியம் செய்தாள். அவள் பிறந்ததே அந்தத் தேர்தல் முடிந்து ஆறு வருஷம் கழித்து.