சம்பந்தி இலையில் நெய்மீன்

பசிக்காதவனுக்குப் பசிக்க மருந்து கொடுத்த காலம் போய், பசிக்கிறவனுக்குப் பசிக்காமல் இருக்க ஊசி போடும் காலம் வந்துவிட்டது. இப்போதுள்ள ஆட்கள் தின்பதற்கென்று ஓட்டல் ஓட்டலாக அலைகிறார்கள்; பிறகு தின்னாமல் இருப்பதற்கென்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள். இவர்களுக்கு வேறு சோலியே கிடையாதா என்று யேசுரத்தினம் கேட்காத நாளில்லை. கேட்கிறவர் வயிற்றிலும் வாரம் ஒரு ஊசி ஏறிக்கொண்டிருந்ததுதான் கொடுமை.

போட்டுவிடுவது மகள் ஜெஸ்மி. நர்ஸ். சர்க்கரையும் எடையும் போட்டி போட்டு ஏறியதால் டாக்டர் எழுதிய மருந்து அது. கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்து, ஒரே மூச்சில் ஒரு சட்டி மீன்கறியை முடித்த மனிதருக்கு இப்போது அரைத் தோசையோடு வயிறு கதவைச் சாத்திவிடுகிறது.

அப்படிப்பட்ட வயிற்றைத் தூக்கிக்கொண்டுதான் கடியப்பட்டணத்தில் விசைப்படகு முதலாளி மரியஜான் வீட்டு மேசைமுன் உட்கார்ந்திருந்தார். மரியஜானின் மகன் பெனிட்டோவுக்கும் ஜெஸ்மிக்கும் மனசு ஒத்துப்போய், இன்றைக்குப் பெண்வீட்டார் வீடு காண வந்திருந்தார்கள். வீட்டைக் கண்டாயிற்று. மிச்சமிருந்தது சாப்பாடு.

அது லேசுப்பட்ட சாப்பாடு இல்லை. இரண்டு அப்பன்மாரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, இலையோடு இலை முட்டத் தின்ன வேண்டும். பெண்ணின் அப்பன் மிச்சம் வைத்து எழும்பினால் வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். போன வருஷம் ஒருத்தர் வயிற்றுக்கடுப்பு தாங்காமல் பாதியில் எழும்பி ஓடியதில் ஒரு கல்யாணமே நின்றுபோனது.

காலையில் புறப்படும்போதே ஜெஸ்மி பாடம் எடுத்திருந்தாள்.

"முதல்ல மீனைத் தின்னுங்கப்பா. பொறவு காய்கறி. சோறு கடைசில. மெதுவா சவைக்கணும். போதும்னு தோணினா நிறுத்திரணும்."

"நிறுத்தினா உனக்குக் கல்யாணம் நடக்காது பிள்ளே."

"அப்பம் ஊசி விசயத்த அவியகிட்டச் சொல்லிருங்க."

"சொன்னா தகப்பனுக்கு என்னமோ பெரிய சீக்குன்னு நினைப்பாவ. கடப்புறத்துக்காரன் வீட்டுல போயி எனக்கு மீனு இறங்காதுன்னு சொல்லவா? அதுக்கு எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டுப் போலாம்."

மரியஜானின் தங்கை ரீத்தா விளம்பினாள். குழைத்த மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் போட்டு வதக்கிய கணவாய்த் தோரன், ஆளுக்கு இரண்டு பொரித்த நெய்மீன். ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம்.

"வெக்கப்படாமத் தின்னணும், கேட்டியளா," என்றார் மரியஜான். "தின்னத் தெரியாதவன நான் போட்டுல ஏத்தவே மாட்டேன்."

யேசுரத்தினம் மகள் சொன்னபடியே மீனில் தொடங்கினார். வேறு வழியில்லாமல் மெதுவாகச் சவைத்தார். மிளகும் உப்பும் மீனின் நெய்யும் தனித்தனியாக நாக்கில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போயின. அறுபது வருஷம் மீனை விழுங்கியிருக்கிறோமே தவிர, தின்றது இன்றைக்குத்தான் என்று தோன்றியது. தோரனிலும் நாலு வாய் எடுத்தார்.

ஒரு துண்டு முடிந்தது. வயிறு கதவைச் சாத்தியது.

இன்னொரு துண்டு அவரையே பார்த்துக் கிடந்தது. மரியஜான் தண்ணீர் கேட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிய நேரத்தில், அதைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளிப் பக்கத்து இலையில் சேர்த்துவிட்டார். அப்பாடா என்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைத்துப் பார்த்தால், அவர் இலையில் இரண்டு துண்டு கிடந்தது.

பின்னால் ரீத்தா சட்டியோடு நின்றாள். 'சத்தமில்லாம வச்சிட்டாளே, பேய்' என்று நினைத்துக்கொண்டார். மரியஜானின் இலையில் மீனையே காணோம். அதற்குள் தின்றுவிட்டாரே மனுஷன்.

"மீனு கொள்ளாம்," என்றார். புகழ்ந்து வைத்தால் அந்தப் பேச்சில் நேரம் போகும் என்று கணக்கு.

"கொள்ளாமா? அப்பம் இந்த மரச்சீனியும் சேத்துத் தின்னணும்," என்று மரியஜான் தன் இலையிலிருந்த மரச்சீனியில் பாதியை உரிமையோடு அள்ளி இவர் இலையில் வைத்தார்.

புகழ்ந்தது தப்பாகிவிட்டது. யேசுரத்தினம் ஜன்னலைக் காட்டினார்.

"அந்தா நிக்குத நீலப் போட்டு ஒங்களுக்குள்ளதா?"

மரியஜான் எட்டிப் பார்த்தார். இரண்டு மீனும் பக்கத்து இலைக்குப் போயின.

"அது மச்சினனுக்குள்ளது. அங்க செவுத்துக்கு மேல பாத்தியளா, எங்க அம்மைக்க படம்," என்றார் மரியஜான்.

மரியாதைக்கு யேசுரத்தினம் திரும்பிப் படத்தைப் பார்த்தார். கும்பிடவும் செய்தார். கும்பிட்ட கையை இறக்கிப் பார்த்தால், இரண்டு மீனும் வந்து கிடந்தன. மரச்சீனியும் குன்றுபோல் உயர்ந்திருந்தது.

வாசல்படியில் பெண்களோடு நின்ற அவர் மனைவி செல்லபாய் கண்ணை உருட்டினாள். தின்னும் என்று அர்த்தம். பக்கத்து இலை துடைத்ததுபோல் இருந்தது. பிள்ளைக்காக என்று மனசைக் கல்லாக்கி, ஒரு விள்ளலை வாயில் வைத்தார். அது தொண்டைவரை போய், வழி கேட்டுத் திரும்பி வந்தது. இன்னும் ஒன்று வைத்தால் சம்பந்தி மடியில்தான் விழும்.

வருவது வரட்டும் என்று எழும்பினார்.

"மதி. இனி ஒரு பருக்கை இறங்காது. கோவிக்கணும்னா கோவிச்சுக்கிடுங்க."

செல்லபாய் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

மரியஜான் நாற்காலி சாயும் வேகத்தில் எழும்பினார்.

"கோவமா? எனக்கா? கொறச்சுத் தின்னாத்தான் ஓய் மரியாதி. கை கழுவும், வாரும். தை மாசமே கல்யாணத்த வச்சிருவோம்." இவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். பெண்கள் சிரித்தார்கள். செல்லபாய் அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ ஜெஸ்மிக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கத்துச் சிரிப்பு மேசைவரை கேட்டது.

யேசுரத்தினத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. இலையில் இரண்டு மீனை விட்டு எழும்பினவனைக் கட்டிப்பிடிக்கிற ஊர் எங்கே இருக்கிறது? இதில் என்னமோ களவு இருக்கிறது என்று யோசித்தபடி பின்வாசல் குழாயடிக்குப் போனார். ரீத்தா சோப்பு நீட்டினாள்.

"நீ சரியான ஆளு பிள்ளே. பின்னால நின்னுட்டு எத்தன துண்டு மீனு வச்ச எனக்கு?"

ரீத்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"நான் மொத்தமே ஒருக்கத்தான் விளம்பினேன் அண்ணாச்சி. மிச்ச நேரம் பூரா நீங்க அண்ணன் இலையில தள்ளினிய, அண்ணன் ஒங்க இலையில தள்ளினான். அவனும் வயித்துல ஊசி போட்டுட்டுத்தான் இருக்கான், ஒங்களுக்குத் தெரியப்பிடாதுன்னு எங்க வாய எல்லாம் அடைச்சு வச்சிருக்கான்."

யேசுரத்தினம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடப்புறத்துக்காரனுக்கு மீனு இறங்காதாம். போ பிள்ளே, வேற ஆளப் பாரு," என்று சொல்லிவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி வாசலுக்கு நடந்தார்.