மூன்று மடிப்பு டிரில்

மெழுகுவர்த்தி மூன்றாவது தடவையும் அணைந்துவிட்டது. வெள்ளைச்சாமி மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்த மல் துணியை அவிழ்த்துக் கடாசினான். ஒரு ஊதலைத் தடுக்கத் தெரியாத துணி, ஹாங்காங் ஜுரத்தை எங்கே தடுக்கப் போகிறது?

1968 ஆடி மாதம். பாண்டி பஜாரில் அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முதலாளி ராஜரத்தினத்தையும் சேர்த்து ஒன்பது பேர். ஊரில் வீட்டுக்கு இரண்டு பேர் ஜுரத்தில் படுத்திருக்க, முதலாளி அன்று காலை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"ஆவணி பத்து உனக்குக் கல்யாணம், சரி. ஆனா கடையில ஒருத்தன் படுத்தாலும் லீவு கிடையாது. முகூர்த்த சீசன்ல கடையை யாரு பாக்கது?"

தீபாவளி வியாபாரத்துக்காக ஒரு தடவை, பொங்கலுக்காக ஒரு தடவை என்று அந்தக் கல்யாணம் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடவை தள்ளினால் தன் மகள் செண்பகத்தைக் கூட்டுறவு பண்டகசாலை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று விருதுநகரிலிருந்து மாமா கடிதமே போட்டுவிட்டார். இனி கடையில் உள்ள அத்தனை மூக்கும் வெள்ளைச்சாமியின் பொறுப்பு.

மூக்கை மூடிக்கொண்டால் ஜுரம் தொற்றாது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எந்தத் துணியால் மூடுவது என்று சொல்லவில்லை. அதை ஜவுளிக்கடைக்காரனுக்கு வேறு சொல்ல வேண்டுமா? மல் தோற்றதும் பாப்ளினை இரண்டாக மடித்துக் கட்டி ஊதினான். சுடர் கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு அணைந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கடைக்குள் விளக்கை வாயால் ஊதி அணைத்தால் வியாபாரம் விளங்குமா என்று பிடித்துக்கொண்டார்.

வெள்ளைச்சாமி மெழுகுவர்த்தியோடு கொல்லைப்புறம் போனான். பள்ளிக்கூட நிஜாருக்கு விற்கிற காக்கி டிரில்லை மூன்று மடிப்பாகக் கட்டி ஊதினான். சுடர் அசையவே இல்லை. அவனுக்குத்தான் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

கடை வாசலில் மிஷின் போட்டிருந்த மெஹபூப் பாஷா துணியைப் பார்த்துச் சிரித்தார்.

"மூக்குக்கு நிஜார் தெக்கச் சொல்றீங்களே, சாமி."

சிரித்தாலும் ஒன்பது முகமூடியையும் ஒரே அளவில் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார்.

மறுநாள் முதல் வியாபாரமே கோணல். கத்தரிப்பூ நிறத்தில் வாயில் புடவை கேட்டு வந்த அம்மாள், முகமூடிக்குள்ளிருந்து வந்த பதில் ஒன்றும் விளங்காமல் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். பேசும்போது மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்று முதலாளி உத்தரவு போட்டார். ஜவுளிக்கடையில் பேசாத நேரம் ஏது? முகமூடிகள் நாள் பூராவும் தாடையில் தொங்கின. வெள்ளைச்சாமி ஆள் ஆளாகப் போய் ஏற்றிவிட்டு மாளவில்லை.

கேஷியர் மாணிக்கவாசகம் இன்னும் ஒரு படி மேலே. தும்மல் வந்தால் முகமூடியைக் கழற்றுவார், தும்முவார், திரும்ப மாட்டிக்கொள்வார். இது என்ன நியாயம் என்றால், புதுத் துணியில் எவனாவது தும்முவானா என்று அவனையே மடக்கினார். மற்றவர்கள் முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்துவிட்டு வந்தார்கள். அதனால் கடை மூடும்போது எல்லாவற்றையும் வெள்ளைச்சாமியே வாங்கி வைத்துக்கொண்டான்.

இத்தனை பாடுபட்டும் ஆடிக் கடைசியில் மாணிக்கவாசகம் படுத்துவிட்டார். அவர் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருப்பதாக முதலாளியிடம் அளந்துவிட்டு, கல்லாவையும் அவனே பார்த்தான். அடுத்து இரண்டு பேர் படுத்தார்கள். ஒருவருக்குக் காதுகுத்து, இன்னொருவருக்குத் திருப்பதி. பாஷாவிடம் சொல்லி மூன்று மடிப்பை நான்காக்கினான். மேலும் மூன்று பேர் படுத்தார்கள். விசேஷங்கள் தீர்ந்துபோயின. நல்லவேளை, அதைக் கேட்க முதலாளியும் இல்லை. அவரும் படுத்துவிட்டார். அவருக்கு மறுநாள் கடைசி ஆளும் வரவில்லை. அப்புறம் வெள்ளைச்சாமி தனியாளாகக் கடையைத் திறந்தான், மூடினான்.

ஆவணி எட்டாம் தேதி முதலாளி மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தார். ஒருத்தன் இல்லை, எட்டுப் பேர் படுத்தாயிற்று. வெள்ளைச்சாமி சம்பந்தி வீட்டிலிருந்து திருப்பதி வரை எல்லாப் பொய்யையும் ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். செண்பகம் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

முதலாளி கோபப்படவில்லை.

"எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தையல். நீ ஒருத்தன்தான் ஒழுங்கா கட்டியிருக்க. நாங்க செஞ்ச தப்புக்கு உன் கல்யாணம் ஏன் நிக்கணும்? நாளைக்கு நாலு பேர் வந்துருவானுக. நீ ஊருக்குப் போயிட்டு வா."

வெள்ளைச்சாமிக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. முதலாளி பத்து நாள் லீவு எழுதப் பேனாவின் மூடியைத் திறந்தார். காலையும் மாலையும் கடை பெருக்க வருகிற முனியம்மாளிடம், இவனை மட்டும் ஜுரம் கிட்ட அண்டவே இல்லை பார்த்தாயா என்று பெருமையாகச் சொன்னார்.

முனியம்மாள் துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"எப்டி அண்டும், மொதலாளி? தெனம் இந்தத் தம்பி எல்லார் மூக்குத்துணியையும் ஜாக்கெட் பிட்டு கணக்கா மடிச்சு அடுக்கிட்டு, தன்னுத மட்டும் மேல வச்சிட்டுப் போவும், காலைல மொத ஆளா வந்து அத்த எடுத்துக்கும். நீங்கல்லாம் யாருது எவுருதுன்னு பாக்காம மாட்டிக்கினு இருந்தீங்க."