பக்கம் திருப்புகிறவர் வாங்கிய பரிசு

இந்தச் சனிக்கிழமை மேடை ஏறுவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்துவிட்டார். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, மனைவியே முறைத்தாலும் சரி. இரண்டாவது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியதால் அதை மட்டும் மனதுக்குள்ளேயே அழித்துவிட்டு, முதலாவதை வைத்துக்கொண்டார்.

மேடை ஏறுகிறவர் என்றதும் பெரிய வித்வான் என்று நினைத்துவிட வேண்டாம். வித்வான் அவருடைய மனைவி. ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கீபோர்டு வாசிக்கிறவர். நம் ஆள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டு நோட்ஸின் பக்கங்களைத் திருப்பிவிடுகிறவர். அம்மையாரின் மோவாய் லேசாக மேலே போனால் பக்கம் திரும்ப வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ஒருமுறை மூக்கில் ஈ உட்கார்ந்து அம்மையார் மோவாயைத் தூக்க, இவர் திருப்ப, காதல் பாட்டு பாதியில் தாலாட்டாகிவிட்டது. சாப்பிட வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கவனிப்பு பலமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் கண் அந்த மோவாயை விட்டு அகன்றதே இல்லை. காகிதம் போய், நோட்ஸைத் திரையில் காட்டும் டேப்லெட் வந்த பிறகும் அவருக்கு விடுதலை வரவில்லை. தாளைத் திருப்பின விரல் டேப்பைத் தள்ளியது, அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு அவர் டேப்பைத் தள்ளுவதைப் பார்த்து, முன்மேஜையில் இருந்தவர்கள் பின்மேஜைக்கு மாறினார்கள்.

கீபோர்டைக் காரிலிருந்து இறக்குவது, ஸ்டாண்டை விரிப்பது, பையின் அடியில் கிடக்கும் வயர் வைத்த இரண்டு கறுப்புக் கட்டைகளை எடுத்து ஸ்டாண்டுக்குக் கீழே போடுவது எல்லாம் அவர் பொறுப்புதான். அந்தக் கட்டைகள் எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டாண்டு நகராமல் இருக்க முட்டுக் கொடுப்பது என்று தானாகவே தீர்மானித்து வைத்திருந்தார்.

இத்தனை வருஷம் பொறுத்தவருக்கு இப்போது என்ன வந்தது? கேரம் வந்தது. கடைத்தெருச் சங்கம் நடத்தும் கேரம் போட்டியின் இறுதி ஆட்டம் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம். எதிர்க் கிளினிக் பல் டாக்டரும் இவரும் ஜோடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கிளினிக்கில் பழகிப் பழகி இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் பிறந்ததிலிருந்து எந்தப் போட்டியிலும் ஒரு டம்ளர்கூட ஜெயித்ததில்லை. இந்தக் கோப்பை அவருக்கு வேண்டும். மனசாரவே வேண்டும். ஷோகேஸில் குளிர்கண்ணாடிகளை ஒதுக்கிவிட்டு அதற்கு இடம்கூடப் பண்ணிவிட்டார்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"அதுல என்ன சார் இருக்கு? ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"வலிக்கவே வலிக்காதுன்னு நான் சொல்லுவேனே, அதைவிடப் பெரிய பொய்யா இருக்கே சார்."

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. முன்பு முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஸ்டூலுக்கு மெத்தை வந்தது. கண் வலி என்று சொல்லிப் பார்த்தார். அவர் கடையிலிருந்தே அவருக்கு ஒரு கண்ணாடி வந்தது. எனவே இந்தத் தடவை வேறு வழி யோசித்தார். வர முடியாது என்று சொன்னால்தானே வம்பு? தன் இடத்தில் ஒரு மெஷினை உட்காரவைத்துவிட்டால்? அதையும் பரிசு என்று காகிதம் சுற்றிக் கொடுத்துவிட்டால்? தன் மூளையை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது.

இசைக்கருவிக் கடைக்காரருக்கு அம்மையாரை நன்றாகத் தெரியும். அம்மாவுக்குப் பரிசு என்றதும் முதலில் ஹெட்போனைக் காட்டினார். அதை மாட்டிக்கொண்டால் இவர் பேசுவது அம்மையார் காதில் விழாது. இப்போதே அந்த நிலைமைதான் என்பதால் அது தண்டச்செலவு. அடுத்து மைக்கைக் காட்டினார். அதன் தேவையும் அந்த வீட்டில் எழுந்ததில்லை. கடைசியில் கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தி, டேப்பில் தானாகப் பக்கம் திருப்ப ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெடலை எடுத்து வைத்தார். காலால் ஒரு மிதி, பக்கம் திரும்பும். வயர்கூட இல்லை. கண்ணாடிக்காரர் அதைக் கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாத குறைதான்.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்று தயங்கினார் கடைக்காரர். "அம்மாவுக்கு வாசிக்கிறப்ப கால் சும்மாவா இருக்கும்?"

"கால்ல அவளுக்கு என்ன வேலை? கையாலதானே வாசிக்கிறா. பத்து வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இருமிக்கொண்டே உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். வந்தவர் மறுபேச்சில்லாமல் பெடலைக் கட்டிக் கொடுத்தார்.

அம்மையார் காகிதத்தைப் பிரித்துப் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க விசேஷம்?"

"விசேஷம் இருந்தாத்தான் வாங்கணுமா?"

"எனக்குத் தெரிஞ்சு விசேஷம் இருந்தாலும் வாங்கினதில்ல. அதான் கேட்டேன்."

"இனிமே யார் கையையும் நீ எதிர்பார்க்க வேண்டாம் பாரு. ஒரு கலைஞர்னா சுதந்திரமா இருக்கணும்."

அம்மையார் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், இத்தனை வருஷமாக உங்களை ஸ்டூலில் கட்டிப்போட்டுவிட்டேன் என்று நொந்துகொண்டார். கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் பத்து வருஷம் முன்பே செய்திருக்கலாமே என்ற துக்கம் வேறு.

சனிக்கிழமை வந்தது. கட்டம் போட்ட சட்டையில், கேரம் ஸ்ட்ரைக்கரைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டவரை அம்மையார் வாசலிலேயே பிடித்தார். பெடலை மாட்டிக் காட்ட வேண்டாமா, புதுச் சாமானாயிற்றே, மாட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. ஹோட்டலுக்கு வருகிறவர் கட்டம் போட்ட சட்டையில் வந்தால் நன்றாக இருக்காது என்றார். அதுவும் நியாயம்தான். கறுப்புச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது.

ஹோட்டலில் அவர் பறந்து பறந்து வேலை செய்தார். ஸ்டாண்டை விரித்தார். இரண்டு கறுப்புக் கட்டைகளையும் வழக்கம்போலக் கீழே போட்டார். நடுவில் புதுப் பெடலை வைத்தார். அம்மையார் வந்து உட்கார்ந்து, வலது கால் செருப்பைக் கழற்றி அந்தக் காலை ஒரு கட்டைமேல் வைத்தார். இடது கால் செருப்பையும் கழற்றி அதை இன்னொரு கட்டைமேல் வைத்தார்.

கண்ணாடிக்காரர் பத்து வருஷத்தில் முதல் முறையாக மோவாய்க்குக் கீழே பார்த்தார்.

"அது... ஸ்டாண்டு நகராம இருக்கிறதுக்கு வைக்கிற கட்டை இல்லையா?"

"ஒண்ணு சத்தத்தை இழுத்துப் பிடிக்கிற பெடல். இன்னொண்ணு கூட்டிக் குறைக்கிற பெடல்," என்றார் அம்மையார். "எனக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு கால்தாங்க."

"அப்ப இதை யார் மிதிக்கிறது?"

அம்மையார் புதுப் பெடலைக் கால் விரலாலேயே மெதுவாக நகர்த்தி, மெத்தை போட்ட ஸ்டூலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கண்ணாடிக்காரர் வாசலைப் பார்த்தார், பையிலிருந்த ஸ்ட்ரைக்கரைத் தொட்டுப் பார்த்தார். வேறு வழியில்லாமல், டாக்டர் காத்துக்கொண்டிருப்பார் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

"காத்திருக்கல. நேத்தே பேசிட்டேன். அவர் மச்சினனைச் சேத்துக்கிட்டார்."

"உனக்கு எப்படி..."

"கண்ணாடிக் கடைக்குப் போற மனுஷன் பேண்ட்ல தினமும் கேரம் பவுடர் எப்படி வரும்? துவைக்கிறது நான்தானே. கிளினிக்ல போய்க் கேட்டேன், டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார். போதாததுக்கு மியூசிக் கடைக்காரர் வேற போன் பண்ணி, அம்மா, சார் கால் பெடல் கேக்கிறார், குடுக்கட்டுமான்னார். தாராளமா குடுங்க, அவர் கால் சும்மாதான் இருக்குன்னேன்."

கண்ணாடிக்காரர் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க அம்மையாருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. குரல் இறங்கியது.

"நீங்க பக்கத்துல இல்லன்னா எனக்கு விரலே ஓடாதுங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

பத்து வருஷத்தில் இதை அவர் கேட்டதில்லை. கோப்பை, ஷோகேஸ், டாக்டரின் மச்சினன் எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. எங்கே மிதிக்க வேண்டும் சொல்லு என்றார் உருகிப்போய்.

"மோவாய் தூக்கினா மிதிங்க," என்ற அம்மையார், பையிலிருந்து இரண்டு கிலுகிலுப்பைகளை எடுத்து அவர் மடியில் வைத்தார். "புருவம் தூக்கினா ஆட்டுங்க. இனிமேதான் கையும் சும்மா இருக்கே."

அன்று ஹோட்டலில் அப்படி ஒரு கைதட்டல். மோவாய்க்குக் கால், புருவத்துக்குக் கை என்று கண்ணாடிக்காரர் வேர்த்து விறுவிறுத்துப்போனார். முன்மேஜைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து கீபோர்டைக் காரில் ஏற்றும்போது டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. மச்சினன் வெளுத்து வாங்கிவிட்டானாம், கோப்பை கிளினிக்கில் இருக்கிறதாம்.

கண்ணாடிக்காரருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இன்று ஒரு வார்த்தை கேட்டே தீருவது என்று மனைவி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"அட, வாய் சும்மாதானே இருக்கு," என்றார் அம்மையார். "கழுத்துல மாட்டிக்கிட்டு ஊதுற மவுத் ஆர்கன் ஒண்ணு கடைக்கு வந்திருக்காம்."

கண்ணாடிக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டு, வீடு வரைக்கும் மூக்காலேயே மூச்சு விட்டார்.