பஜ்ஜி, கேசரி, ஒப்பாரி

ஒப்பாரி தொடங்கியபோது, சம்பந்தி ஆகப்போகும் அப்பாசாமியின் வாயில் பாதி பஜ்ஜி இருந்தது.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் வைத்த புளூடூத் ஸ்பீக்கரில் நாதஸ்வரம். பாயில் மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். அடுப்படி வாசலில் பட்டுப்புடவையும் குனிந்த தலையுமாகப் பூங்குழலி. பெண்ணின் அப்பா தனபால், கஞ்சி போட்ட வேட்டி மடிப்பு கலையாமல் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று நாதஸ்வரம் நின்றது. ஸ்பீக்கர் ‘டிங்’ என்றது. பிறகு ஒரு பெண்குரல் அடிவயிற்றிலிருந்து எடுத்தது.

“மொளகுக் கொடி காச்சிருக்கே... ஏறிப் பறிக்க நீயில்லியே... என் ராசாவே!”

தனபாலுக்குக் குப்பென்று வியர்த்தது. அது அவருடைய போன். அவருடைய பாட்டு.

தனபாலுக்கு ஒப்பாரி பிடிக்கும். வீட்டில் யாரும் சாகவில்லை. மனதில் பெரிய துக்கம் எதுவும் கிடையாது. மரவள்ளிக்குக் களை எடுக்கும்போது காதில் ஒப்பாரி ஓடினால் அவருக்கு நெஞ்சு லேசாகும், களையும் சீக்கிரம் முடியும். அவ்வளவுதான் விஷயம். அதிலும் இந்த மிளகுக் கொடி ஒப்பாரி என்றால் உயிர். யாரோ ஒரு அம்மாள் முகம் காட்டாமல் பாடி யூடியூபில் போட்டது. அதை இறக்கிப் போனிலேயே வைத்திருந்தார். மூன்றாவது அடியில் பாடுகிற அம்மாளுக்கு ஒரு இருமல் வரும். அந்த இருமல்கூட தனபாலுக்குத் தாளத்தோடு மனப்பாடம்.

இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா? ஒருநாள் மைத்துனன் முறையாகும் சின்னுசாமியின் டீக்கடையில் இயர்போன் கழன்று, ரெண்டு அடி வெளியே கேட்டுவிட்டது. சின்னுசாமி டீ ஆற்றுவதை நிறுத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வெறும் பாட்டுதான் என்று தெரிந்ததும் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் தனபால் கூசிப் போனார்.

“ஏன் மச்சான், எங்கக்கா ஊட்டுல நல்லாத்தானே இருக்குது?” என்று சின்னுசாமி வேறு கேட்டான்.

செய்தி மனைவி கவிதாவுக்குப் போய், இனிமேல் கேட்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. சத்தியம் செய்தது வாய், கேட்பது காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுநாளே தோட்டத்தில் கேட்டார்.

இன்றைக்கும் அதே கதைதான். மலைக்குக் கீழேயிருந்து ஜீப் வரும் சத்தம் கேட்கும்வரை கொல்லைப்புறத்தில் நின்று கேட்டுவிட்டு, அவசரமாகப் போனைச் சட்டைப்பையில் திணித்தார். நாதஸ்வரம் ஓடிய மகளின் போனில் சார்ஜ் தீர்ந்ததும், ஸ்பீக்கர் தனக்குப் பழக்கமான அடுத்த போனைப் பிடித்துக்கொண்டது. பழக்கம் எப்படி வந்தது? அம்மாவும் மகளும் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருந்த ஒருநாள், இந்த ஸ்பீக்கரில் மிளகுக் கொடி எப்படி இருக்கும் என்று தனபால் ஆசைப்பட்டதால் வந்தது.

பையில் கையை விட்டு எதையோ அழுத்தினார். சத்தம் கூடியது. மறுபடி அழுத்தினார். ஜன்னல் அதிர்ந்தது. அந்தக் கலவரத்திலும் மூன்றாவது அடி வந்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. இருமல் சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் போனையே அணைத்தார்.

அப்பாசாமி பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறினார். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவி பாப்பாயியைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை கோகுல் தலையைத் தொங்கப்போட்டுப் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வந்ததிலிருந்தே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “மலை ஏறின வளைவுல அவளுக்குத் தல சுத்திருச்சுங்க, பேச மாட்டா” என்று அப்பாசாமி வாசலிலேயே சொல்லியிருந்தார்.

பூங்குழலியின் முகம் செத்துவிட்டது. போன மாதம் கோயிலில் வைத்துக் கோகுலைப் பார்த்ததிலிருந்து அந்தப் பெண் வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிகிறது. காளப்பநாயக்கன்பட்டியில் நல்ல குடும்பம், நம் மலையிலிருந்து கீழே குடிபோனவர்கள்தான். இது கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தனபால் பயந்தார்.

“ஏனுங்க...” அப்பாசாமி மெதுவாகக் கேட்டார். “இது என்ன சத்தமுங்க?”

“அது... எதிர்ச் சரிவுலீங்க. ஒரு சாவு ஊடு” என்றார் தனபால்.

அப்பாசாமியின் முகம் சட்டென்று மலர்ந்தது. “சாவுங்களா! நெசமாலுமே சாவுதானுங்களா?”

“ஆமாங்க.”

“நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார் அப்பாசாமி. “பாவமுங்க. யாருங்க?”

யார் என்று தனபால் யோசித்திருக்கவில்லை. கொஞ்சம் வயதானவராக இருந்தால் பாவம் குறைவு என்று தோன்றியது. “முத்தன் பெரியப்பாங்க.”

“அப்பா, முத்தன் தாத்தா காலையிலதான...” என்று ஆரம்பித்த பூங்குழலியைக் கவிதா பின்னாலிருந்து கிள்ளினாள்.

அப்பாசாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “பெரியப்பான்னா பங்காளி ஆச்சுங்களே. தீட்டு இருக்கையில வெத்தல பாக்கு மாத்தக் கூடாதுங்களே. சரி, இன்னொரு நாளைக்கு...”

பூங்குழலியின் கண்ணில் நீர் கட்டியது. தனபால் பதறிப்போனார்.

“ஐயோ, சும்மா பேச்சுக்குப் பெரியப்பாங்க! ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. தீட்டெல்லாம் கெடையாதுங்க!”

“அப்படிங்களா? அப்ப எல்லாரும் ஒரு எட்டுப் போயித் துக்கம் விசாரிச்சுட்டு வந்து பேசிக்கலாமுங்க. ஒப்பாரி காதுல விழுந்த பொறவு கேசரி எறங்குமுங்களா?” அப்பாசாமி எழுந்து வேட்டியை உதறினார். இந்த வீட்டை விட்டு இறங்கினால் போதும் என்கிற அவசரம் அவரிடம் தெரிந்தது.

“வேணாமுங்க! வழி சரியில்லீங்க, அட்டை கடிக்குமுங்க” என்று தனபால் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

மலையில் ஒரு சரிவில் ஒப்பாரி கேட்டால் எதிர்ச் சரிவில் இருப்பவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவான். யார், என்ன என்று விசாரித்துவிட்டு வருவதெல்லாம் கிடையாது. அதிலும் தனபால் வீட்டுக்கு வெள்ளை வேட்டிகளோடு கீழேயிருந்து ஒரு ஜீப் வந்ததை ஊரே பார்த்திருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கவிதா ஒருவரிடமும் சொல்லவில்லை. வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் வெளியே தெரிந்தால் கண்ணு பட்டுவிடுமாம். ஜீப்பையும் ஒப்பாரியையும் சேர்த்து ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது.

தலைத்துண்டு இல்லாமல் சின்னுசாமி முன்னால் வந்தான். பின்னால் இருபது பேர். காயப்போட்டிருந்த மிளகை மிதித்துக்கொண்டு வந்த பெண்கள், கேசரித் தட்டோடு நின்ற கவிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். யாருக்காக அழுகிறோம் என்பதைப் பிறகு தெரிந்துகொள்ளலாம் என்பதுபோல் அழுதார்கள். கேசரி பாதி தரையில், பாதி அவர்கள் முதுகில்.

“யாரு மச்சான்?” சின்னுசாமி தனபாலின் கையைப் பிடித்தான். “சொல்லு மச்சான், மனச உட்றாத.”

பக்கத்தில் அப்பாசாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வேறு பெயர் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

“முத்தன் பெரியப்பா...” என்றார் தனபால், உள்ளே போன குரலில்.

“ஐயோ, முத்தன் மாமாவா!” சின்னுசாமி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். “முத்தன் மாமா போயிட்டாராம்ப்பா! ஒருத்தன் மேளத்துக்குச் சொல்லு. ரெண்டு பேரு பந்தலுக்கு மூங்கில் வெட்டப் போங்க!”

“இப்ப எதுக்குங்க மேளமெல்லாம்...” என்று தனபால் இழுத்தார்.

“என்ன மச்சான் இப்படிச் சொல்ற? தொண்ணூறு வயசு மனுசன். ஆட்டம் பாட்டமா எடுக்க வேணாமா?”

ரெண்டு பேர் மூங்கிலுக்குப் போயே விட்டார்கள். தனபால் சுவரில் சாய்ந்தார். இதற்கு மேல் மோசமாக ஒன்றும் நடக்க முடியாது என்று அவர் நினைத்த நேரத்தில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

வயதின் காரணமாக எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார் முத்தன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறினார்.

“ஐயோ சாமி... ஒப்பாரி கேட்டு அடிச்சுப் புடிச்சு வந்தேனே. யாரு கண்ணு போயிட்டாங்க?”

பெண்களின் அழுகை பாதியில் நின்றது. கடைசியில் சின்னுசாமிதான் சொன்னான்.

“நீங்கதான் மாமா.”

முத்தன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நானா? எப்போ? காலையிலகூடச் சாமைச் சோறு தின்னனே.”

எல்லோருடைய கண்ணும் தனபால் மேல் வந்து நின்றது. அப்பாசாமியின் முகத்தில் இருந்த மலர்ச்சி வடிந்து போயிற்று. “அப்ப சாவே இல்லீங்களா?” என்றார் ஈனசுரத்தில்.

சின்னுசாமி ஜன்னலிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். தனபாலின் சட்டைப்பையைப் பார்த்தான். “மச்சான்... மொளகுக் கொடியா? அன்னைக்கு என் கடையில கேட்டதே, அந்த எழவுப் பாட்டா?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வாசல் முழுக்கப் பரவியது. தனபாலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவமானம் காதுவரை சுட்டது. ஐம்பது வயதில், மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், உயிரோடு இருக்கும் பெரியப்பாவைக் கொன்ற பொய்யனாக நிற்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. இத்தனை ஒப்பாரி கேட்டும் ஒருநாளும் வராத அழுகை.

அப்பாசாமியின் முன் போய்க் கையைக் கூப்பினார்.

“மன்னிச்சுக்கோங்க. சாவு கீவு ஒண்ணும் இல்லீங்க. நான் கேக்குற பாட்டுதானுங்க அது. எனக்கு ஒப்பாரின்னாப் பிடிக்குமுங்க. மத்தவங்க சினிமாப் பாட்டுக் கேக்குற மாதிரி நான் இதக் கேப்பேன். ஏன்னு கேட்டாச் சொல்லத் தெரியலீங்க. அந்தம்மா பாடினா, கூட ஒரு ஆளு நம்ம கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். மூணாவது அடியில ஒரு இருமல் இருமுவாங்க, அது வரைக்கும் எனக்குப் பிடிக்குமுங்க.”

மறுபடியும் சிரிப்பு. கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கிறுக்கு எனக்குத்தானுங்க, எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவ நல்ல பாட்டுத்தான் கேப்பா. என்னை வச்சு அவளை வேணாமுன்னு சொல்லிராதீங்க. இந்தாங்க, உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடறேன்.”

போனை எடுத்து மறுபடி ஆன் செய்தார். பாட்டு திரையில் வந்தது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. அழிக்க மனசு வரவில்லை. ஆனால் மகள் அழுதுகொண்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டார்.

யாரோ அவர் கையிலிருந்து போனை வாங்கினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால், பாப்பாயி.

“பாப்பாயி, நீ சும்மா இரு!” அப்பாசாமி பதறினார். “வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தேன்!”

“அம்மா, வேணாம்மா” என்று கோகுல் கெஞ்சினான்.

பாப்பாயி இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பத்திரமாகத் தனபாலின் சட்டைப்பையில் போட்டார். வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அன்று முதல் தடவையாகப் பேசினார்.

“அழிச்சிராதீங்க சம்பந்தி. அடுத்த வாரம் இருமல் இல்லாம நல்லாப் பாடி வேற போடறேன்.”