வினைமுற்று வருவதற்குள்

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும், இது இலக்கணம். விளம்பர ஆட்டோ தெருமுனை வந்ததும் திரும்பிவிடும், இது நடைமுறை. இரண்டையும் சேர்த்து யோசிக்காததால், கல்லுக்குண்டு மாதிரி இருந்த ஒரு மனிதரை ஒரு சனிக்கிழமை காலையில் நான் சாகடித்துவிட்டேன். அவர் இன்றும் நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை முதலில் சொல்வது என்பதில் இப்போதெல்லாம் நான் கவனமாக இருக்கிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. புறவழிச்சாலை வந்த பிறகு பேருந்துகள் ஊருக்குள் வருவது குறைந்தது. பேருந்து குறையவும் கடைகள் குறைந்தன. கடைசியில் ஒரு கட்டு கொத்தமல்லிக்குக்கூடத் திருநெல்வேலிக்குப் போகவேண்டும் என்றாயிற்று. (வீடு வந்து சேர்வதற்குள் கொத்தமல்லி வாடிவிடும். வாங்கப் போனவரும்தான்.) பொறுக்க முடியாமல் நாங்கள் சிலர் கூடினோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ரோஸ்லின் டீச்சர்தான் தலைமை. நின்றுபோன சனிக்கிழமைச் சந்தையை மறுபடி கூட்டுவது என்று முடிவு செய்தோம்.

இடத்துக்கு ஆறுமுகம் அண்ணாச்சியை விட்டால் வழியில்லை. அவருடைய அரிசி ஆலை மூடிக் கிடந்தது. அதன் நெல் காயப்போடும் களமும் சும்மா கிடந்தது. அண்ணாச்சி கோபத்துக்குப் பேர்போனவர். டீச்சர் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்தார்.

"களத்தத் தாரேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா எம் பேருக்கு ஒரு கொறச்சல் வந்துதுன்னா அன்னைக்கே கேட்டப் பூட்டிருவேன், பாத்துக்கிடுங்க."

ஊர்க்காரர்கள் சேர்ந்து களத்தில் முள் வெட்டினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம். உடன்குடியிலிருந்து கருப்பட்டிக்காரரும், சாத்தான்குளத்துப் பக்கமிருந்து முருங்கைக்காய், பனங்கிழங்கு விற்பவர்களும் வரச் சம்மதித்தார்கள். அவர்களும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். "ஒரு வாரம் வந்து பாக்கோம். ஆள் இல்லன்னா மறுவாரம் எங்கள எதிர்பார்க்காதிய."

ஆக, முதல் சனிக்கிழமை கூட்டம் வரவேண்டும். அண்ணாச்சியின் பேருக்குக் குறைச்சல் வரக்கூடாது. கூட்டம் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். என்னைப்போல் துல்லியமாக எழுத ஊரில் ஆளில்லை என்று பரவலாக ஒரு கருத்து இருந்தது. (பரப்பியது நான்தான்.)

அறிவிப்பை எழுத உட்கார்ந்தேன். ஊரில் ஆறுமுகங்கள் மூன்று பேர். எந்த ஆறுமுகம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டாமா? பத்திரத்தில் எழுதுவதுபோலவே எழுதினேன்:

"மேலத்தெரு, காலஞ்சென்ற சுடலைமுத்து அவர்களின் மகனும், பேச்சியம்மாள் அவர்களின் கணவரும், சென்னை மகேஷ், கோயம்புத்தூர் சுபா ஆகியோரின் தகப்பனாரும், அரிசி ஆலை உரிமையாளருமாகிய ஆறுமுகம் அவர்கள், இன்று காலை ஒன்பது மணியளவில், தமது ஆலைக் களத்தில், நம் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையைத் திறந்து வைக்கிறார்கள்."

எழுதியதை நானே நிதானமாக வாசித்து, மைக் ஆட்டோ ஓட்டும் இசக்கியின் கைபேசியில் பதிவு செய்தேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி செல்வி, "கொஞ்சம் சிரிச்ச மொகமா வாசிக்கக் கூடாதா?" என்றாள்.

"மைக்கில் முகம் தெரியாது" என்றேன்.

இசக்கியின் ஆட்டோ மின்தடையைச் சொல்லும், கோயில் கொடையைச் சொல்லும், குடிநீர் வராததைச் சொல்லும். ஆனால் விடிந்தும் விடியாமலும் அது தெருவுக்குள் வந்தால் ஊருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: யாரோ போய்விட்டார். இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், "வெள்ளென ஆரம்பிச்சிரு. ஆளுக டவுனுக்குக் கெளம்புறதுக்கு முன்னால காதுல விழணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

எட்டு மணிக்கு நானும் டீச்சரும் களத்து வாசலில் நின்றோம். உள்ளே வியாபாரிகள் சாக்கு விரித்துக் கடை பரப்பிவிட்டார்கள். அப்போதுதான் சாலையில் கூட்டத்தைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஆண்கள். சேர்ந்து சேர்ந்து பெண்கள். பலர் கையில் மாலை. எல்லோரும் எங்களைத் தாண்டி மேலத்தெருவுக்குப் போனார்கள்.

"என்ன சார், மாலையோட போறாவ?" என்றார் டீச்சர்.

"அண்ணாச்சியை வரவேற்று அழைத்துவரப் போகிறார்கள் டீச்சர். ஊர் விழித்துக்கொண்டது" என்றேன். ஒரு துல்லியமான அறிவிப்பு என்னவெல்லாம் செய்கிறது என்று வியந்தேன்.

துண்டால் வாயைப் பொத்தியபடி வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "சார்வாள், இங்கன என்ன செய்யுதிய? சந்தையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். அண்ணாச்சி போயிட்டாவ."

முந்தின நாள் சாயங்காலம்கூட அவரைப் பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். உள்ளே கருப்பட்டிக்காரர் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். "எடத்துக்காரரே போயிட்டாரு. இனி என்ன சந்தை?"

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து, "சார், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இவங்கள நிறுத்தி வைக்கேன்" என்றார்.

வழியில் நானும் ஒரு மாலை வாங்கினேன். ஆமாம், நான் எழுதி, நான் வாசித்த அறிவிப்பினால் வந்த சாவை நானே நம்பி, கையில் மாலையோடு துக்கம் விசாரிக்கப் போனேன். அந்தச் சாவைச் சந்தேகித்திருக்க வேண்டிய ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான்; அணுவளவும் சந்தேகிக்கவில்லை.

அண்ணாச்சி வீடு பூட்டிக் கிடந்தது. பேச்சியம்மாள் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். "பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிலேருந்து கொண்டாருவாவ" என்று ஒருவர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தல்காரர் தானாகவே வந்து நாற்காலிகளை இறக்கினார். ஒருவர் கோழி ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். (எங்கள் பக்கம் சனிக்கிழமை இறந்தவரைத் தனியாக அனுப்பமாட்டார்கள்; துணைக்கு ஒரு கோழியையும் அனுப்புவது வழக்கம்.) ஐஸ் பெட்டி வேன் ஒன்றும் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஆறுமுகம் அண்ணாச்சி வந்தார். சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் முடித்து, நெற்றி நிறைய திருநீறு, தலையில் ஈரத் துண்டு. கூட்டத்தைப் பார்த்து நின்றார். கூட்டம் அவரைப் பார்த்து நின்றது.

ஐஸ் பெட்டிக்காரர் வெளியூர். அவருக்கு ஆள் தெரியாது. "அண்ணாச்சி, ஆறுமுகம் வீடு இதானா?"

"இதான்."

"பெட்டிய எங்கன வைக்க?"

"யாருக்குவே பெட்டி?"

"ஆறுமுகத்துக்கு."

"ஆறுமுகம் நாந்தான்."

ஐஸ் பெட்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பம் நீங்களே கையெழுத்துப் போட்டிருங்க" என்றார்.

"எவம்லே சொன்னான் நான் செத்துட்டேன்னு?" என்று அண்ணாச்சி கேட்ட குரலில் கோழி ஒருமுறை துள்ளியது.

"மைக்ல சொன்னாவ" என்றது கூட்டம்.

நான் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல், அப்போதே இசக்கியின் ஆட்டோ மேலத்தெருவுக்குள் திரும்பியது. "காலஞ்சென்ற சுடலைமுத்து அவர்களின் மகனும்" என்று என் குரல் கம்பீரமாக வந்தது. அதுவரை எல்லாத் தெருவிலும் "ஆறுமுகம் அவர்கள்" வந்ததும் ஆட்டோ மறுதெருவுக்குப் போயிருந்திருக்கிறது. இங்கே கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் ஆட்டோ நகர முடியவில்லை. வாக்கியம் முதன்முறையாக முழுதாக ஓடியது. கணவரும் வந்தது, தகப்பனாரும் வந்தது, ஒன்பது மணி வந்தது, களம் வந்தது. கடைசியில், சாவதானமாக, "திறந்து வைக்கிறார்கள்" வந்தது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் மாலை.

"சார்வாள்" என்றார் அண்ணாச்சி. "உம்ம குரல்தான?"

"ஆமா அண்ணாச்சி. எந்த ஆறுமுகம்னு சந்தேகம் வரக்கூடாதேன்னு..."

"ஒருத்தனுக்கும் வரலியேவே."

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் களத்துக் கேட்டின் சாவியும் உண்டு. எங்கள் உழைப்பெல்லாம் அந்த வளையத்தில் தொங்கியது. அண்ணாச்சி பைய நடந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். தன்னோடு வரப்புத் தகராறில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் நின்றார்.

"நீ எதுக்குலே அழுத?"

"பொறவு? செத்த பொறவும் சண்ட போடவா முடியும்?"

அண்ணாச்சி சாவிக்கொத்தைத் திரும்ப இடுப்பில் செருகினார். "ஊரே வந்திருக்கு. எனக்குன்னு இம்புட்டுப் பேரு இருக்கியன்னு எனக்கே தெரியாது. வந்தவிய சும்மா போகக் கூடாது. வாங்க, சந்தையத் தெறப்போம்."

ஒரு பெரியவர் தயங்கினார். "துட்டி வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காம எப்பிடி அண்ணாச்சி?"

"துட்டியே இல்லியே. நான் குளிச்சாச்சி, அது போதும்." ஐஸ் பெட்டிக்காரரிடம் திரும்பி, "நீரு போயிட்டு வாரும். அதுக்கு அவசரமில்ல" என்றார்.

ஊர்வலம் களத்துக்குப் புறப்பட்டது. நாற்காலிகளும் கூடவே வந்தன. அங்கே டீச்சர், கட்டிய பெட்டிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கருப்பட்டிக்கு இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கருப்பட்டிக்காரர் சோர்ந்து, "சும்மாவே எடுத்துக்கிடுங்க டீச்சர், என்ன விடுங்க" என்னும் நிலைக்கு வந்திருந்தார். தெருவை அடைத்து வந்த கூட்டத்தைப் பார்த்ததும் பெட்டியை அவிழ்த்தார். முன்னால் வந்த அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டப் போனார். டீச்சர்தான் விளக்கினார்.

மாலைகளையெல்லாம் கேட்டில் தொங்கவிட்டோம். சந்தையில் முதல் விற்பனை அந்தக் கோழிதான்; வாங்கியவர் அண்ணாச்சி. "எனக்குத் துணைக்கு வர இருந்ததுல்லா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் முருங்கைக்காய் தீர்ந்தது. "அடுத்த வாரமும் வாரோம்" என்று வியாபாரிகள் சொன்னபோதுதான் நான் அன்று முதல்முறையாக உட்கார்ந்தேன். துக்க வீட்டு நாற்காலிதான். அப்படிச் சுகமாக நான் எதிலும் உட்கார்ந்ததில்லை.

சந்தை இன்றும் நடக்கிறது. சனிக்கிழமைகளில் பேருந்துகளும் ஊருக்குள் வந்துபோகின்றன. வீட்டில்தான் என் நிலைமை மாறிவிட்டது. "நம்ம டீச்சரோட தம்பி மகன் இருக்காம்லா, அவன்..." என்று ஆரம்பித்தால் போதும், செல்வி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கானா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க" என்பாள். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது.

போன வாரம் சந்தையில் அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார். "சார்வாள், ஒருநா நெசமாவே மைக்ல சொல்ல வேண்டி வரும்லா. அத நீரு மட்டும் வாசிச்சிராதேயும்."

"சேச்சே, நான் எப்படி அண்ணாச்சி..."

"உம்ம கொரலக் கேட்டா ஒருத்தனும் வீட்டுக்கு வரமாட்டான்வே. எல்லாவனும் பையத் தூக்கிட்டுச் சந்தைக்குப் போயிருவான்."